முடி சூடாத கோமகன்

ஒருவனுக்கு மூன்று பெயர்கள் வழங்கினால், அவனைப்பற்றி உலகத்தில் மூன்று கருத்துக்கள் இருந்தன என்று கொள்ளலாம். பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வாழ்ந்த பர்கண்டிக் கோமகன் சார்லசுக்கு அப்படி மூன்று பெயர்கள் உண்டு. ஆங்கிலேயர் அவனைத் துணிவுடையோன் என்றனர். பிரெஞ்சு மக்கள் இட்ட பெயரோ, பின்விளைவு எண்ணாமல் பாய்கின்றவன் என்று பொருள்படுவது. அவனுடைய அவையில் இருந்து அவனை நாள்தோறும் கண்டவர்கள் அவனை உழைப்பாளி என்றும் அழைத்தனர்.

பள்ளியில் படித்த நாளில் எனக்குத் தெரிந்தது முதற்பெயர் ஒன்றுதான். அந்தப் பெயரின்மேல் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. ஊரையும் உறவையும் விட்டு இவ்வளவு தொலைவு வந்து, இப்பல்கலைக்கழக நூலகத்தில் அமர்ந்து படிக்கத் தொடங்கிய பிறகுதான் மற்ற இரண்டு பெயர்களும் தெரிய வந்தன. நம் மன்றத்தின் மலருக்கு அவனுடைய புகழ் பாடி ஒரு கட்டுரை எழுதவே எண்ணியிருந்தேன். பாதி எழுதியதும் பேனா நின்றுவிட்டது. ஏன் நின்றது? அதைச் சொல்வதே இக்கட்டுரை.

தந்தையும் மகனும்

1433ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் டிஜோன் நகரத்தில் சார்லஸ் பிறந்தான். தந்தை, நல்லவர் என்று பெயர் பெற்ற பிலிப். தாய், போர்ச்சுகல் நாட்டு இளவரசி இசபெல்லா. பிறந்த போது அவனுக்குக் காத்திருந்த சொத்து, அந்நாளில் பல மன்னர்களுக்கும் வாய்க்காத சொத்து. 1363இல் பிரெஞ்சு மன்னன் தன் இளைய மகனுக்குக் கொடுத்த பர்கண்டி, திருமணத்தாலும் விலையாலும் போராலும் வளர்ந்து வளர்ந்து, பிளாண்டர்ஸ், ஆர்ட்வா, பிரபாண்ட், ஹாலந்து, சீலந்து, லக்சம்பர்க் என்று வடகடல்வரையில் பரவியிருந்தது. துணி நெய்து உலகெங்கும் விற்ற கெண்ட், புரூஜ் போன்ற செல்வ நகரங்கள் அதில் அடங்கியிருந்தன.

ஆனால் அந்தச் சொத்தில் ஒரு குறை இருந்தது. அது ஒரு நாடு அன்று. பல நாடுகளின் தொகுப்பு. தெற்கே பர்கண்டி, வடக்கே நெதர்லாந்து மாநிலங்கள். நடுவிலே பிறருக்குரிய லொரேன். ஒரு பகுதி பிரெஞ்சு மன்னனுக்குக் கட்டுப்பட்டது. மற்றொரு பகுதி ஜெர்மானியப் பேரரசனுக்குக் கட்டுப்பட்டது. ஓரிடத்தில் பிரெஞ்சு மொழி, ஓரிடத்தில் டச்சு மொழி. ஒவ்வொரு நகரத்திற்கும் தனித்தனி உரிமைப் பட்டயம், தனித்தனி வழக்கம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டியிருந்த கயிறு கோமகன் ஒருவனே.

தந்தை பிலிப் விருந்தையும் கேளிக்கையையும் விரும்பியவன். மகன் அதற்கு நேர்மாறு. மதுவை அளவோடும் நீர் கலந்தும் அருந்தினான். இசையில் மட்டும் அவனுக்குத் தீராத ஆசை. தானே பாடல்கள் அமைத்தான். இரவில் அலெக்சாந்தர், ஹானிபால் முதலிய பழம்பெரும் வீரர்களின் கதைகளைப் படிக்கக் கேட்பான். படிப்பும் பயிற்சியும் ஒழுக்கமும் நிறைந்த அந்த இளைஞனைப்பற்றி எழுதும்போது என் பேனா தங்கு தடையின்றி ஓடியது.

1457ஆம் ஆண்டு சனவரியில் தந்தைக்கும் மகனுக்கும் பெரிய பூசல் மூண்டது. மகனுடைய மாளிகையில் ஒரு பதவியை யாருக்குக் கொடுப்பது என்பதில் தொடங்கியது. தந்தை தனக்கு வேண்டிய குரோய் குடும்பத்தானுக்குக் கொடுக்கச் சொன்னான், மகன் மறுத்தான். முதியவருக்கு வந்த சினத்தில் குதிரையேறித் தனியே வெளியேறி, இரவெல்லாம் காட்டில் வழி தெரியாமல் அலைந்தார். அக்குடும்பத்தின் சினத்தைக் காட்ட இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

அப்பூசலைத் தீர்த்து வைக்க முயன்றவன் யார் தெரியுமா? பிரெஞ்சு நாட்டு இளவரசன் லூயி! தன் தந்தையோடு பகைத்துக்கொண்டு 1456இல் ஓடிவந்து, பர்கண்டியின் சோற்றைத் தின்றுகொண்டிருந்தவன் அவன். அடுத்த திங்களில் சார்லசுக்கு மேரி என்ற மகள் பிறந்தாள். ஞானஸ்நானத்தின்போது அவளுக்கு ஞானத்தந்தையாக நின்றவனும் அந்த லூயிதான். இதை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நினைவுக்கு வரும்.

கெடுத்த வெற்றி

1461இல் லூயி பிரெஞ்சு அரியணையில் ஏறினான். பகட்டில்லாத ஆடை, ஒற்றர் கூட்டம், ஓயாத கணக்கு, எதற்கும் விலை பேசும் திறமை. இவையே அவனுடைய படைக்கலங்கள். 1463இல் நான்கு இலட்சம் பொற்காசு கொடுத்து, பர்கண்டியிடம் அடகில் இருந்த சோம் ஆற்றங்கரை நகரங்களை மீட்டுக்கொண்டான். முதுமையால் தளர்ந்திருந்த பிலிப் இசைந்துவிட்டான். அது நியாயமான மீட்புத்தான். ஆயினும் மகனுடைய நெஞ்சு கொதித்தது.

1465இல் பிரெஞ்சுப் பெருமக்கள் பலர் மன்னனுக்கு எதிராகக் கூட்டணி சேர்ந்தனர். சார்லஸ் முன்னணியில் நின்றான். சூலை 16ஆம் நாள் மோன்லெரி என்னுமிடத்தில் இரு படைகளும் மோதின. வெற்றி யாருக்கு என்று சொல்ல முடியாத குழப்பமான போர். சார்லஸ் கழுத்தில் வாள் வெட்டுப் பட்டது. ஆயினும் அவன் களத்தை விட்டு நகரவில்லை. லூயியோ களத்தை விட்டு அகன்றான். ஆகவே வெற்றி தனக்கே என்று சார்லஸ் முடிவு செய்துகொண்டான். சோம் நகரங்களும் திரும்பி வந்தன.

அவனருகில் இருந்து பணியாற்றிய கொம்மீன் என்பவர் பிற்காலத்தில் தம் நினைவுகளை எழுதினார். அன்றுவரை போரில் நாட்டம் இல்லாதிருந்த சார்லஸ், அந்த ஒரு நாளுக்குப் பிறகு தன் அறிவையன்றி வேறு யாருடைய அறிவுரையையும் மதிக்கவில்லை என்பது அவர் கருத்து. தோல்வி மனிதனைக் கெடுப்பதைக் கண்டிருக்கிறோம். வெற்றியும் கெடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

எரிந்த நகரங்கள்

மியூஸ் ஆற்றங்கரையில் தினான் என்று ஒரு நகரம். செம்பிலும் பித்தளையிலும் பாண்டம் செய்வதில் பெயர் பெற்றது. அந்நகரத்தார் சிலர் சார்லசின் உருவப் பொம்மையைத் தூக்கிலிட்டு, அவன் பிறப்பையும் பழித்துப் பேசினர். 1466 ஆகஸ்டில் அவன் பீரங்கிகளோடு வந்தான். சில நாளில் நகரம் பணிந்தது. பணிந்த பிறகும் அவன் சினம் தணியவில்லை. நகரம் கொள்ளையிடப்பட்டது, எரிந்தது. கைதிகள் பலர் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டனர் என்று அக்காலத்தார் எழுதியுள்ளனர்.

1467 சூன் 15இல் பிலிப் மறைந்தான். 33 வயதில் சார்லஸ் கோமகன் ஆனான். அதே திங்கள் 28ஆம் நாள் அவன் கெண்ட் நகரத்தில் முறைப்படி நுழைந்தான். அன்றே திருவிழாக் கூட்டம் கலகக் கூட்டமாக மாறிற்று. வரி தண்டும் சாவடியைப் பெயர்த்து எறிந்தனர். பழைய உரிமைகளைத் திருப்பிக் கொடு என்று கூவினர். சினம் மேலிட்ட கோமகன் ஒருவனைக் கோலால் அடித்துவிட்டான். அருகிலிருந்தவர்கள்தாம் அவனை அடக்கினர். மகள் மேரியும் கருவூலமும் அந்நகரத்தினுள்ளேயே இருந்தமையால், கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டு வெளியேறினான். ஆனால் மறக்கவில்லை. 1469 சனவரியில் கெண்ட் நகரத் தொழிற்சங்கங்களின் தலைவர்கள் பிரசெல்ஸ் அரண்மனை முற்றத்தில் பனியில் காத்து நிற்கவேண்டியிருந்தது. பின்பு உள்ளே வந்து மண்டியிட்டுக் கொடிகளை ஒப்படைத்தனர். அவர்களுடைய பட்டயம் அவர்கள் கண்முன்னே வெட்டிக் கிழிக்கப்பட்டது.

இடையில் 1468 அக்டோபரில் ஒரு விந்தை நடந்தது. மன்னன் லூயி, நேரில் பேசி வென்றுவிடலாம் என்ற தன்னம்பிக்கையில், சிறு காவலோடு சார்லசின் பெரோன் கோட்டைக்கே வந்து சேர்ந்தான். அந்நேரம் பார்த்து, லியேஜ் நகரம் மீண்டும் கலகம் செய்தது என்றும் மன்னனுடைய ஆட்கள் அங்கே இருந்தனர் என்றும் செய்தி வந்தது. கோட்டை வாயில்கள் அடைபட்டன. எலி தானாகவே பொறியில் விழுந்துவிட்டது! இரவெல்லாம் சார்லஸ் தூங்காமல் அறையில் நடந்தான். கொம்மீன் உடனிருந்து அவன் சினத்தை ஆற்றினார். முடிவில் லூயி கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்திட்டான். அதுமட்டுமா? தான் தூண்டிவிட்ட லியேஜ் மக்களை ஒடுக்கத் தானே சார்லசோடு புறப்பட்டான்.

அக்டோபர் 30ஆம் நாள் லியேஜ் வீழ்ந்தது. கோயில்களை விட்டுவிட்டு மற்றவற்றைப் பல வாரம் எரித்தனர். அடுத்த சில ஆண்டுகளில், அதே நகரத்தின் தலைமைக் கோயிலுக்குச் சார்லஸ் ஒரு காணிக்கை அனுப்பினான். தான் மண்டியிட்டிருப்பதுபோலப் பொன்னால் செய்த உருவம் அது. இன்றும் லியேஜ் கோயிற் கருவூலத்தில் இருக்கிறது.

அதன் படத்தை ஒரு நூலில் பார்த்தேன். முகத்தில் எவ்வளவு பணிவு! அந்தப் பக்கத்தைத் தாண்டி என் பேனா நகரவில்லை. கடவுள்முன் மண்டியிடத் தெரிந்தவனுக்கு, தன்முன் மண்டியிட்டவர்களை மன்னிக்கத் தெரியவில்லையே என்ற எண்ணம் என்னை வாட்டிற்று.

உழைப்பும் ஆட்சியும்

கொடியவன் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடலாமா? அதற்கும் மனம் இடந்தரவில்லை. வாரத்தில் சில நாள் அவையில் அமர்ந்து ஏழை எளியவரின் முறையீடுகளைத் தானே கேட்டான். பெருமக்களும் அங்கே அசையாமல் உட்கார்ந்திருக்கவேண்டும். கணக்குகளைத் தானே பார்த்தான். ஆணைகளைத் தானே திருத்தினான். 1471 முதல் நிலையான ஊதியப்படை ஒன்றை அமைத்தான். ஒவ்வோர் அணிக்கும் நூறு ஈட்டி வீரர். ஒவ்வோர் ஈட்டி வீரனோடும் வில்லாளர், துப்பாக்கியர் முதலியோர். அணித்தலைவனுக்கு ஓராண்டே பதவி. கையில் ஒரு கோலும் விதிகள் எழுதிய ஏடும் கொடுக்கப்படும். 1473 டிசம்பரில் நெதர்லாந்து மாநிலங்கள் அனைத்திற்கும் பொதுவாக மெக்கலன் நகரத்தில் ஓர் உயர் நீதிமன்றத்தை நிறுவினான். சிதறிக் கிடந்த நிலங்களை ஒரு நாடாக்கவேண்டும் என்பது அவன் கனவு. கனவு பெரிது, குற்றமும் அன்று.

குற்றம் முறையில் இருந்தது. 1473இல் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் பொற்காசு வீதம் ஆறாண்டு வரி வேண்டும் என்று மாநிலங்களிடம் பெற்றான். மக்களோடு பேசி இசைவிக்கும் பொறுமை அவனிடம் இல்லை, ஆணையிட்டால் நடக்கவேண்டும். பொற்கம்பளி வீரர் குழு என்று அவன் தந்தை நிறுவிய ஓர் உயர்குடி அமைப்பு உண்டு. அதன் கூட்டத்தில் உறுப்பினர்கள் தலைவனுடைய குறைகளையும் எடுத்துச் சொல்லலாம் என்பது மரபு. 1468இல், பணியாளரிடம் கடுஞ்சொல் பேசுகிறீர் என்று அவர்கள் அவனிடமே சொன்னார்கள். அவன் கேட்டுக்கொண்டான், மாறவில்லை. 1472 ஆகஸ்டில் ஓரிரவு, கொம்மீன் அவனை விட்டு நீங்கி லூயியிடம் போய்ச் சேர்ந்தார். அது நம்பிக்கைத் துரோகந்தான். ஆனால் பெரோனில் அவன் சினத்தை ஆற்றிய கை அந்த இரவோடு அவனுக்கு இல்லாமற்போயிற்று.

எட்டிப்போன முடி

கோமகனாய் இருந்தது போதும், மன்னனாகவேண்டும் என்பது அடுத்த ஆசை. அந்த முடியைப் பேரரசன் மூன்றாம் பிரெடெரிக் தரவேண்டும். பேரரசனின் மகன் மாக்சிமிலியனுக்குத் தன் ஒரே மகள் மேரியைக் கொடுக்கச் சார்லஸ் அணியமாயிருந்தான். 1473 செப்டம்பர் இறுதியில் இருவரும் டிரியர் நகரத்தில் சந்தித்தனர். கோமகனுடைய பொன்னும் பட்டும் மணியும் நகரத்தைத் திகைக்கச் செய்தன. ஏழைப் பேரரசனுக்கு அந்தப் பகட்டே அச்சம் தந்தது. எட்டு வாரம் பேச்சு நடந்தது. நவம்பர் 25ஆம் நாள் விடியலில், முறையாக விடைபெறாமலே பேரரசன் மோசல் ஆற்றில் படகேறிப் போய்விட்டான். முடி கைக்கு எட்டும் தொலைவு வந்து எட்டாமற்போயிற்று.

அதன்பின் அவன் செய்தவை எல்லாம் அவசரம். ஆஸ்திரியக் கோமகன் சிகிஸ்மண்ட் 1469இல் மேல் அல்சேஸ் பகுதியை 50,000 பொன்னுக்கு அவனிடம் அடகு வைத்திருந்தான். அங்கே சார்லஸ் அமர்த்திய ஆளுநன் ஹாகன்பாக் மக்களை வருத்தினான். மக்கள் அவனைப் பிடித்து, பல நகரத்து நீதிபதிகள் கூடிய மன்றத்தில் விசாரித்து, 1474 மே 9இல் தலையை வெட்டினர். பக்கத்தில் இருந்த சுவிஸ் மக்கள் விழித்துக்கொண்டனர். அவர்களையும் அவர்களுடைய பழம்பகைவன் சிகிஸ்மண்டையும் நண்பராக்கி வைத்தவன் யார்? லூயிதான். வாளை உருவாமல் பணத்தால் வலை பின்னினான்.

அவ்வேளையில் சார்லஸ் என்ன செய்தான்? ரைன் ஆற்றங்கரையில் நாய்ஸ் என்ற சிறு நகரத்தை முற்றுகையிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 1474 சூலை முதல் 1475 சூன் வரை ஏறத்தாழ பதினொரு திங்கள்! அவன் மைத்துனனாகிய ஆங்கில மன்னன் நான்காம் எட்வர்ட், பிரெஞ்சு நாட்டின்மேல் சேர்ந்து படையெடுப்போம் என்ற உடன்படிக்கைப்படி 1475 சூலையில் பெரும்படையோடு கலே துறையில் இறங்கினான். சார்லஸ் சிறு காவலோடு வந்து நின்றான். எட்வர்டின் முகம் சுருங்கியது. லூயி மீண்டும் பணப்பையைத் திறந்தான். ரொக்கமாக 75,000 பொற்காசு, ஆண்டுக்கு 50,000 உதவித்தொகை; ஆங்கிலப்படை கப்பலேறிற்று.

சார்லஸ் அசைந்து கொடுக்கவில்லை. நவம்பரில் லொரேனின் தலைநகரான நான்சியைப் பிடித்தான். வடக்கும் தெற்கும் ஒருவழியாக இணைந்தன. அங்கே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பனிக்காலம் முடியுமுன்னே சுவிஸ் மக்கள்மேல் பாய்ந்தான்.

மூன்று களங்கள்

1476 பிப்ரவரி இறுதியில் கிரான்சோன் கோட்டை பணிந்தது. அதிலிருந்த நானூறு பேருக்குமேல் தூக்கிலிடப்பட்டனர் அல்லது ஏரியில் மூழ்கடிக்கப்பட்டனர். மார்ச் 2ஆம் நாள், நெடிய வேல்களை ஏந்தி நெருங்கிய அணியாக வந்த சுவிஸ் வீரரைக் கண்டதும், ஏரிக்கும் மலைக்கும் நடுவே நெருக்குண்டிருந்த பர்கண்டிப் படை குலைந்து ஓடியது. இறந்தவர் சிலரே, ஆனால் பாசறை முழுவதும் பறிபோயிற்று. வைரம், வெள்ளிப் பாத்திரம், நூற்றுக்கணக்கான பீரங்கிகள், சித்திரத் திரைச்சீலைகள்! அத்திரைச்சீலைகளுள் சிலவற்றைப் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

சூன் 22இல் மூர்ட்டன். முந்திய நாளெல்லாம் அணிவகுத்து நின்ற படை, பகைவர் வரவில்லை என்று பாசறைக்குத் திரும்பியது. மறுநாள் மழைவிட்டபின் சுவிஸ் படை காட்டுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. இம்முறை ஓட வழியில்லை. ஆயிரக்கணக்கானோர் களத்திலும் ஏரியிலும் மாண்டனர்.

மேலும் படை வேண்டும், பணம் வேண்டும் என்று அவன் கேட்டபோது, நெதர்லாந்து மாநிலங்களின் மன்றம் மறுத்துவிட்டது. கெண்ட் நகரத்துப் பனி அவர்களுக்கு நினைவிருந்திருக்கவேண்டும். அக்டோபரில் லொரேனின் இளங்கோமகன் ரெனே நான்சியை மீட்டுக்கொண்டான். சார்லஸ் எஞ்சிய படையோடு சென்று நான்சியை முற்றுகையிட்டான். கடுங்குளிர். பாசறையிலேயே வீரர் உறைந்து மாண்டனர். பின்வாங்கலாம் என்றவர் சொல்லைக் கேட்கவில்லை. இத்தாலியக் கூலிப்படைத் தலைவன் காம்போபாசோ பகைவரிடம் போய்ச் சேர்ந்தான். 1477 சனவரி 5ஆம் நாள், பனி கொட்டும் வேளையில், பலமடங்கு பெரிய படையைச் சில ஆயிரம் வீரரோடு எதிர்த்தான். மாலைக்குள் எல்லாம் முடிந்தது.

கோமகன் எங்கே? இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. சனவரி 7இல் ஒரு குளத்தோரம், ஆடை உரிக்கப்பட்டு, உறைபனியில் முகம் ஒட்டிக்கொண்டு கிடந்த உடலைக் கண்டனர். ஒரு கன்னத்தை ஓநாய்கள் தின்றிருந்தன. அவனுடைய மருத்துவரும் பணியாளரும் வந்து, விழுந்த பற்களையும் நீண்ட நகங்களையும் கழுத்திலிருந்த பழைய தழும்பையும் பார்த்து அடையாளம் சொன்னார்கள். எந்தத் தழும்பு? மோன்லெரியில் பட்ட வெட்டு. அவனைக் கெடுத்த வெற்றியே அவன் பிணத்துக்கு அடையாளமாயிற்று. வென்ற ரெனே அவனை மதிப்போடு நான்சியில் அடக்கம் செய்தான்.

இருபது வயது நிரம்பாத மேரி தனியே நின்றாள். ஞானத்தந்தை லூயி என்ன செய்தான்? அவள் நாட்டுக்குள் படை அனுப்பிப் பர்கண்டியைப் பறித்துக்கொண்டான். கெண்ட் நகரத்தார் அவளிடம் பெரும் உரிமைப் பட்டயம் ஒன்றில் பிப்ரவரி 11இல் ஒப்பம் வாங்கினர். மெக்கலன் நீதிமன்றம் ஒழிந்தது. தந்தையின் அமைச்சர் இருவரை, அவள் வேண்டிக்கொண்டும் கேளாமல், ஏப்ரல் 3இல் கொன்றனர். ஆகஸ்டில் அவள் மாக்சிமிலியனை மணந்தாள். 1482இல், குதிரையிலிருந்து வீழ்ந்த காயத்தால் இறந்தாள். அவளுடைய பேரன்தான் பேரரசன் ஐந்தாம் சார்லஸ். முடி பெறாமல் மாண்டவனின் பெயரைத் தாங்கிய அவன் தலையில் எத்தனையோ முடிகள் ஏறின! 1550இல் அவன் தன் கொள்ளுப்பாட்டனின் எலும்புகளை நான்சியிலிருந்து எடுப்பித்து, புரூஜ் நகரத்துக் கோயிலுக்குச் சேர்ப்பித்தான். மெக்கலன் நீதிமன்றமும் 1504இல் மறுபடி உயிர்பெற்றிருந்தது. கோமகன் அடித்துச் செய்யமுடியாததைக் காலம் மெல்லச் செய்தது.

எனக்கு எஞ்சியது

நண்பர்களே, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். நாய்சில் இவன் காலம் அறியவில்லை. கிரான்சோனில் இடம் அறியவில்லை. நான்சியில் வலி அறியவில்லை. ஆனால் அம்மூன்றுக்கும் முன்னதாகவே பெரியாரைத் துணைக்கோடல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. இவனுடைய உண்மையான தோல்வி அங்கேதான். வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள், அல்லது வாய் மூடினார்கள். கடைசியில் அவனுக்கு வேண்டாம் என்று சொன்னது நான்சியின் பனி ஒன்றுதான்.

அவன் சோம்பலால் கெடவில்லை. குடியால் கெடவில்லை. விடுதி விளக்கு அணைந்த பிறகும் கண் விழித்துப் படிக்கும் நம்மைப்போல, இரவெல்லாம் உழைத்தவன் அவன். அதுதான் என்னை உறுத்துகிறது. உழைக்கின்றவனுக்கு, நான் இவ்வளவு உழைக்கிறேனே, நான் சொல்வதைப் பிறர் கேட்டால் என்ன என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. நம் மன்றத்தின் சிறு கூட்டத்திலேகூட எனக்கு அந்த எண்ணம் வந்ததுண்டு. மறுத்துப் பேசிய நண்பனோடு இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் உண்டு.

முன்பு எழுதிய பாதிக் கட்டுரையைக் கிழித்துவிட்டேன். மூன்று பெயர்களுள் எதை எடுப்பது என்று கேட்டால், உழைப்பாளி என்ற பெயரையே எடுப்பேன். புகழ்வதற்காக அன்று, என்னை நானே எச்சரித்துக்கொள்வதற்காக.